கரண்ட் போகும் கடைக்கு ஒரு தரவுத்தளம்

2023இல் நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில் மரக்கறி வாங்கி லொறியேற்றும் கடை ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். விடியற்காலையில் லீக்ஸ், கரட், கோவா மூட்டைகள் வந்து இறங்கும். எடை நிறுத்து, கழிவு போட்டு, துண்டு (ரசீது) கொடுக்க வேண்டும். தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ லொறி கிளம்புவதற்குள் அன்றைய கணக்கு முடிந்திருக்க வேண்டும். கடையில் ஒரே ஒரு பழைய கணினிதான். கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ்ஸும் இருந்தது, பற்றரி எப்போதோ செத்துப்போனதால் அதன்மேல் சாமிப் படம் வைத்திருந்தார்கள்.

யாரோ முன்பு எழுதிக் கொடுத்த மென்பொருளின் தரவுக் கோப்பு 2022 மின்வெட்டுக் காலத்தில் உடைந்து போயிருந்தது. அந்த மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததே, அப்போதுதான். "தம்பி, வேகமெல்லாம் எனக்கு வேணாம். கரண்ட் போய் வந்தா எழுதினது அப்படியே இருக்கணும்" என்றார் முதலாளி.

பதிவுகளைச் சேமித்து வைக்கும் தரவுத்தள மென்பொருள்களில் எதை எடுப்பது என்று பார்த்தேன். மைஎஸ்கியூஎல் போன்ற சர்வர் வகைகளை முதலிலேயே விட்டேன். பின்னணியில் ஒரு சேவை ஓட வேண்டும். அது நின்றுபோனால் ஹட்டனிலிருந்து நான்தான் பஸ் ஏற வேண்டும். மைக்ரோசொஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் லோக்கல்டிபிக்கு அப்போது 10 ஜிபி வரம்பு இருந்தது, இந்தக் கடைக்கு அது தாராளம். ஆனால் அதையும் தனியாக நிறுவ வேண்டும். கடைசியில் மிஞ்சியவை, நம் மென்பொருளோடு சேர்ந்தே ஓடக்கூடிய ஃபயர்பேர்டும் எஸ்கியூலைட்டும். ஃபயர்பேர்டில் பணக் கணக்குக்குப் பொருந்தும் தசம வகை உண்டு. நாளைக்குக் கணினிகள் கூடினால் அதே கோப்பைச் சர்வரில் ஏற்றிக்கொள்ளலாம். எஸ்கியூலைட்டில் தசம வகை கிடையாது, ரூபாயைச் சதமாகவும் கிலோவைக் கிராமாகவும் முழு எண்ணில் வைத்துச் சமாளிக்க வேண்டும். இருந்தாலும் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும், நிறுவ ஒன்றும் இல்லை, உரிமக் கட்டணமும் இல்லை. நான் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தேன். கரண்ட் விஷயத்தை மட்டும் கண்ணால் பார்க்காமல் முடிவெடுக்க மனம் வரவில்லை.

சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். 1, 2, 3 என்று எஸ்கியூலைட் அட்டவணையில் எழுதிக்கொண்டே போகும். ஒவ்வொரு கொமிட்டும் (பதிவை உறுதியாக்கும் கட்டளை) முடிந்த பிறகே அந்த எண்ணைத் திரையில் காட்டும். போன் கெமராவைத் திரைக்கு நேரே பிடித்துக்கொண்டு, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். ஒரு தடவையல்ல, முப்பது தடவை. புதிய பதிவுகளைத் தனிக் கோப்பில் முதலில் எழுதும் 'வால்' (WAL) முறையில், டிஸ்க்கில் எழுதி முடிய எவ்வளவு காத்திருப்பது என்று சொல்லும் சிங்க்ரனஸ் அமைப்பை நோர்மலில் வைத்தபோது கோப்பு ஒருமுறைகூட உடையவில்லை, ஆனால் வீடியோவில் தெரிந்த கடைசிச் சில எண்கள் சில தடவை கோப்பில் இல்லை. ஃபுல்லுக்கு மாற்றியதும் காட்டிய எண் எல்லாமே இருந்தது. கொமிட் கொஞ்சம் மெதுவாகிறதுதான், ஒவ்வொரு மூட்டையாக நிறுக்கும் இடத்தில் அது யாருக்குத் தெரியப்போகிறது? ஃபுல்லில் வைத்து எஸ்கியூலைட்டையே எடுத்தேன். (அந்த ஹார்ட் டிஸ்க் நேர்மையானது. எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதாத டிஸ்க்குகளும் உண்டு, அவற்றிடம் எந்தத் தரவுத்தளமும் தோற்கும்.)

அடுத்த தலைவலி தமிழ். பெயர்ப் பட்டியலில் கமலாவுக்கு முன்னால் கன்னியம்மா வந்து நின்றார். எஸ்கியூலைட் இயல்பாக எழுத்துகளைச் சேமிக்கும் எண்களை, அதாவது பைட்டுகளைத்தான் ஒப்பிடும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட்டில் ந-வுக்கு அடுத்து ன இருக்கிறது, நம் நெடுங்கணக்கிலோ ன கடைசி எழுத்து. நானே ஒரு வரிசை ஒப்பீடு எழுதி இணைத்தேன். அதற்கும் ஒரு விலை உண்டு: அந்த ஒப்பீடு தெரியாத வேறு கருவியில் கோப்பைத் திறந்து பெயர்வாரியாக அடுக்கச் சொன்னால் பிழைச் செய்திதான் வரும்.

சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது ஒரு இரவு முதலாளி அழைத்தார். "தம்பி, இன்னைக்குப் போட்ட துண்டு ஒன்னையும் காணோம்!" மென்பொருளை மூடாமலே கோப்பைப் பென் டிரைவில் பிரதியெடுத்து, வீட்டில் மகனின் மடிக்கணினியில் திறந்திருக்கிறார். வால் முறையில் புதிய பதிவுகள் முதலில் பக்கத்தில் உள்ள இன்னொரு கோப்பில்தான் சேரும். இயல்பாக 1000 பக்கம் சேர்ந்த பிறகோ, மென்பொருளை ஒழுங்காக மூடும்போதோதான் பிரதான கோப்புக்குப் போகும். மனுஷன் தலையை மட்டும் எடுத்துக்கொண்டு வாலைக் கடையில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். கடைக் கணினியில் எல்லாம் பத்திரமாக இருந்தது; எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் போனது. உண்மையில் ஒரே ஆள் தட்டும் அந்தக் கடைக்கு வால் முறையே தேவையில்லை. எங்கோ படித்த ஆசையில் போட்டேன்.

மறுநாளே, புதிய பதிவுகள் நேராகப் பிரதான கோப்புக்கே போகும் பழைய ஜேர்னல் முறைக்கு மாற்றினேன். திரையில் 'வீட்டுக்கு எடு' என்று ஒரு பெரிய பொத்தானும் வைத்தேன். அழுத்தினால் வாக்யூம் இன்டூ கட்டளை முழுமையான பிரதி ஒன்றைப் பென் டிரைவில் எழுதும். போன மாதம் மாடியில் இன்னொரு கணினி வைத்து, பகிர்ந்த ஃபோல்டர் வழியாக இதே கோப்பைத் திறக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் அண்ணே என்றேன். ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுதாமல் தடுக்கும் பூட்டுகளை வலையமைப்புக் கோப்புகளில் நம்ப முடியாது. ரெண்டாவது கணினி வருகிற அன்றைக்கு ஃபயர்பேர்டுக்குப் போவோம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் யூபிஎஸ்ஸுக்கு ஒரு பற்றரி வாங்கச் சொல்லியிருக்கிறேன். சாமிப் படம் இன்னும் அங்கேயே இருக்கிறது.