பிரெஞ்சு சிவப்பு ஒயின் கலவைகள்: டபிள்யூ.எஸ்.இ.டி. மூன்றாம் நிலைக்கு நான் படித்த விதம்

ஒயின் படிப்புகளையும் தேர்வுகளையும் நடத்தும் பிரிட்டன் அமைப்பான டபிள்யூ.எஸ்.இ.டி.யின் மூன்றாம் நிலைக்குப் படிப்பவர்களில் பலர் திணறுவது பிரான்ஸ் பாடத்தில்தான். ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையாதது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பல ரகத் திராட்சைகளைக் கலந்து ஒயின் செய்யும் பிரெஞ்சுப் பகுதிகளில், போர்டோ என்றால் இன்னின்ன திராட்சை, தெற்கு ரோன் என்றால் இன்னின்ன திராட்சை என்று பட்டியலாக மனப்பாடம் செய்வது. நான் எழுதிய தேர்வில் கொள்குறி வினாக்கள் 50. அவற்றுக்கு இந்தப் பட்டியல் ஓரளவு கைகொடுக்கும். ஆனால் விரிவாக எழுத வேண்டிய நான்கு வினாக்களுக்கும் தலா 25 மதிப்பெண். அங்கே கேட்பது "ஏன்" என்றுதான். போர்டோவின் மெடோக் பகுதியில் கேபர்னே சாவின்யோன் திராட்சை விளைகிறது என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் பெரிதாக ஏறாது.

அதனால் ஒவ்வொரு பகுதியைப் படிக்கும்போதும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டேன்: இந்த ஊர் விவசாயி எதற்குப் பயப்படுகிறார்? இந்தப் பயம் பிடிபட்டால் திராட்சையும் மண்ணும் கலவையும் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

போர்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே அட்லாண்டிக் கடல். மிதமான வெப்பம், ஆண்டு முழுக்க ஈரம், எப்போது வரும் என்று சொல்ல முடியாத மழை. அங்கே பயம் மூன்று நேரத்தில் வரும்: வசந்தத்தில் உறைபனி, பூக்கும் நேரத்தில் மழை, அறுவடை நேரத்தில் மறுபடியும் மழை. மெர்லோ சீக்கிரம் துளிர்த்து, சீக்கிரம் பூத்து, சீக்கிரம் பழுக்கும் ரகம். உறைபனியிலும் பூக்கால மழையிலும் அடி வாங்கும்; ஆனால் இலையுதிர்கால மழைக்கு முன் பறித்துவிடலாம். கேபர்னே சாவின்யோன் நேரெதிர். தாமதமாகத் துளிர்ப்பதால் பல ஆண்டுகளில் பனிக்குத் தப்பும். ஆனால் பழுக்கவும் தாமதமாகும் என்பதால் கடைசி மழையில் மாட்டிக்கொள்ளலாம், அல்லது முழுசாகப் பழுக்காமலே நின்றுவிடலாம். அதனால்தான் இரண்டையும் நட்டு, ஒயினில் கலக்கிறார்கள். நம் மானாவாரி நிலத்தில் கடலையோடு துவரையையும் விதைத்து வைக்கிற அதே கணக்குதான். 1991, 2017 ஏப்ரல் மாத உறைபனிகளை விடையில் சேர்த்தால் வாதம் இன்னும் உறுதியாகும்.

மண்ணுக்கு இதற்குப் பிறகுதான் வர வேண்டும். பலர் மண்ணிலிருந்து தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஜிரோந்த் கழிமுகத்துக்கும் கரோன் ஆற்றுக்கும் இடது பக்கம் மெடோக், கிராவ் பகுதிகளில் ஆறுகள் கொண்டுவந்து போட்ட சரளைக்கல் மேடுகள் இருக்கின்றன. சரளை நீரை வடித்துவிடும், சீக்கிரம் சூடாகும், பகல் வெப்பத்தைப் பிடித்துவைத்து இரவில் விடும். தாமதமாகப் பழுக்கும் கேபர்னேக்கு அந்தக் கூடுதல் வெப்பம்தான் உயிர். தோர்தோஞ் ஆற்றுக்கு வலது பக்கம் பொமரோல், சான்தெமிலியோன் பகுதிகளில் களிமண் அதிகம். களிமண் ஈரமும் குளிர்ச்சியுமாக இருக்கும். கேபர்னே சாவின்யோன் அங்கே பழுக்கச் சிரமப்படும், மெர்லோவுக்குக் கவலையில்லை. பெத்ருஸ் தோட்டம் நீலக் களிமண்ணில் ஏறக்குறைய மெர்லோவை மட்டும் வைத்தே உலகப் பெயர் வாங்கியது. சான்தெமிலியோனின் சுண்ணாம்புக்கல், சரளைப் பகுதிகளில் மெர்லோவுக்குத் துணையாக வருவது கேபர்னே ஃபிராங்க்.

டெர்வார், அதாவது மண்ணும் வானிலையும் ஒயினுக்குத் தரும் ஊர் முத்திரை, என்றதும் இயற்கை தந்த வரம் என்று பேசுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மெடோக்கின் பெரும்பகுதி முன்பு சதுப்பு நிலம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பிறகுதான் அங்கே திராட்சை பரவியது. மனிதன் கைவைத்த பிறகுதான் அந்தச் சரளை பேச ஆரம்பித்தது.

இங்கே கொள்குறி வினாவில் ஒரு பொறி உண்டு. போர்டோ என்றதும் கேபர்னே நினைவுக்கு வருவதால், அங்கே அதிகம் பயிராவதும் அதுதான் என்று கை போய்விடும். அதிகம் பயிராவது மெர்லோ. இடது கரையிலும் களிமண் திட்டுகளில் மெர்லோ இருக்கிறது. மெடோக்கின் சான்தெஸ்தெஃப் ஊரில் களிமண் சற்றுக் கூடுதல், மெர்லோவும் அப்படியே. அப்புறம் பெத்தி வெர்தோ. கேபர்னேயைவிடத் தாமதமாகப் பழுக்கும் ரகம். அதனால்தான் கலவையில் நிறத்துக்கும் டானினுக்கும் (வாயை உலர்த்தும் துவர்ப்பு) கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள்.

இப்போது அந்தப் பயமே மாறிக்கொண்டிருக்கிறது. கேபர்னே பழுக்குமா என்ற கவலை போய், மெர்லோ அளவுக்கு மீறிப் பழுத்து ஆல்கஹால் ஏறிவிடுமோ என்ற கவலை வந்துவிட்டது. போர்ச்சுகலின் தூரிகா நாசியோனல் உட்பட நான்கு புதிய சிவப்பு ரகங்களுக்கு 2021இல் அனுமதி கிடைத்தது. கலவையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பருவநிலை மாற்றம் பற்றிக் கேட்டால் இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

தெற்கு ரோனில் பயம் தலைகீழ். மழை வருமோ என்று அல்ல, வராமலே போகுமோ என்று. கடும் வெயில், வறட்சி, போதாததற்கு வடக்கிலிருந்து கொடியையே முறித்துவிடும் மிஸ்த்ரால் காற்று. கிரனாஷ் என்ற திராட்சை இந்த மூன்றையும் தாங்கும். கெட்டியான தண்டு, கம்பி கட்டாமல் குட்டைப் புதராகவே வளர்ப்பார்கள். ஆனால் அதன் குறைகளையும் எழுத வேண்டும்: தோல் மெல்லியது, நிறம் குறைவு, புளிப்பு குறைவு, சர்க்கரை ஏறி ஆல்கஹால் அதிகம், காற்றுப் பட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். இந்தக் குறைகளை ஈடுகட்டத்தான் சிரா, மூர்வெத்ர் என்ற திராட்சைகள் வருகின்றன. சிரா நிறத்தையும் கருமிளகு வாசத்தையும் தரும். மூர்வெத்ர் டானினைத் தரும், ஆக்சிஜனேற்றத்தையும் தடுத்து நிற்கும். போர்டோவில் கலவை வானிலைக்கு எதிரான ஏற்பாடு. இங்கே ஒரு திராட்சையின் பலவீனத்துக்கு இன்னொன்று துணை. ஒப்பிடச் சொல்லும் வினா வந்தால் இந்த வேறுபாட்டை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

தெற்கு ரோனின் ஷாத்தோநஃப்-து-பாப் ஊரைப் பற்றி எழுதினால் எல்லோரும் அந்த உருண்டைக் கற்களைத்தான் எழுதுவார்கள். எழுதலாம், தப்பில்லை. கற்கள் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் விடுகின்றன. ஆனால் அந்த ஊர் முழுக்கக் கல் இல்லை. மணலும் சுண்ணாம்பும் களிமண்ணும் உண்டு. ரயாஸ் தோட்டம் மணலில் கிரனாஷை மட்டுமே வைத்துச் சிவப்பு ஒயின் செய்கிறது. அந்த ஊர் ஒயினில் 13 ரகங்களுக்கு அனுமதி என்றால் 13ஐயும் கலக்க வேண்டும் என்று அர்த்தமில்லை.

வடக்கு ரோனுக்கு அதிக நேரம் வேண்டாம். சிவப்புக்கு சிரா ஒன்றுதான். அங்குள்ள கோத் ரோத்தி பகுதியில் 20 சதவீதம் வரை வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையைச் சேர்க்கலாம், இரண்டையும் சேர்த்தே நொதிக்கவைக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பர்கண்டி பகுதியின் புகழ்பெற்ற சிவப்பு ஒயின்கள் பினோ நுவார் என்ற ஒரே திராட்சையில் செய்தவைதான். கலவை வினாவில் அதை இழுக்க வேண்டாம்.

விடையை எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. தேர்வை ஆங்கிலத்தில் எழுதினேன், ஆனால் நோட்டில் காரணச் சங்கிலியைத் தமிழில்தான் போட்டுப் பார்த்தேன். "சரளை மண், அதனால் நீர் வடியும், வெப்பம் தங்கும், அதனால் கேபர்னே முழுசாகப் பழுக்கும், அதனால் பழுத்த டானின், அடர்ந்த பழவாசம், அதனால் பல ஆண்டு பாட்டிலில் வளரும்." ஒவ்வொரு "அதனால்"க்குப் பின்னாலும் மதிப்பெண் இருக்கிறது. மண்ணில் தொடங்கி கிளாஸில் முடியாத விடை அரைகுறைதான்.

சுவைத் தேர்வுக்கு வந்தால் நமக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். கேபர்னேயின் அடையாள வாசம் பிளாக்கரன்ட். அந்தப் பழத்தை நம்மில் பெரும்பாலோர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பிளாக்கரன்ட் ஜாம் ஒரு பாட்டில் வாங்கித் திறந்து மோந்து பழகுங்கள். குடைமிளகாய் வாசம் நமக்குத் தெரிந்ததுதான். சரியாகப் பழுக்காத கேபர்னேயில் அது தூக்கலாக வரும். இறக்குமதி வரியால் இந்தியாவில் பிரெஞ்சு ஒயின் விலை கையைக் கடிக்கும் என்பதால், கூடப் படிப்பவர்களோடு பங்கு போட்டு வாங்குவதே நடக்கிற காரியம். பெயர்பெற்ற தோட்டங்களின் விலையுயர்ந்த ஒயின் தேவையே இல்லை. சாதாரண மெடோக் ஒன்று, ரோன் பகுதியின் எளிய ஒயினான கோத் து ரோன் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்து முதலில் நிறம், அப்புறம் ஈறைப் பிடிக்கும் டானின், கடைசியாகத் தொண்டையில் இறங்கும் ஆல்கஹாலின் சூடு என்று ஒப்பிடுங்கள்.

மூன்றாம் நிலையில் ஒயினின் பெயரைக் கண்டுபிடிக்கச் சொல்வதில்லை. நிறம், வாசம், சுவை விவரிப்போடு தரத்தையும், இப்போதே குடிக்கலாமா, இன்னும் வைத்திருக்கலாமா என்பதையும்தான் கேட்கிறார்கள். டானின், புளிப்பு, பழச்செறிவு மூன்றும் உயர்வாக இருக்கும் இளம் ஒயினுக்கு இன்னும் வளர இடமுண்டு என்று காரணத்தோடு எழுதலாம். டானின் மெலிந்து, பழவாசம் எளிமையாக இருக்கும் கோத் து ரோனுக்கு இப்போதே குடிக்கலாம், வைத்திருக்கத் தேவையில்லை என்று எழுதிவிட்டு அடுத்த கிளாஸுக்குப் போய்விடுங்கள்.