அம்மன் பட்டினி கிடக்கும் மாதம்

விரதம் இருந்து சாமி கும்பிடப் போவது எந்த ஊரிலும் உண்டு. சமயபுரத்தில் மாரியம்மனே நமக்காக விரதம் இருக்கிறாள். மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கியதும் 28 நாள் பச்சைப்பட்டினி. அது முடியும்வரை தளிகை, அதாவது சமைத்த படையல், கிடையாது. நீர்மோர், பானகம், இளநீர், துள்ளுமாவு, அவ்வளவுதான். ஊறவைத்த பச்சரிசியை இடித்து வெல்லம் சேர்த்தால் துள்ளுமாவு. அடுப்புப் பக்கமே போகாத மாவு, வாயில் போட்டால் ஈரமும் இனிப்புமாக நறநறக்கும். பெண்கள் மஞ்சள் சேலை கட்டி, தட்டில் பூ ஏந்தித் திருச்சியிலிருந்து நடந்தே வருகிறார்கள்.

இவள் முன்பு திருவரங்கத்தில் இருந்தவள் என்பது தல வரலாறு. உக்கிரம் தாங்காமல் அங்கிருந்து அனுப்பிவிட்டார்களாம். ஆனாலும் தைப்பூசத்துக்குக் கொள்ளிடக் கரையில் அண்ணன் அரங்கநாதரிடமிருந்து சீர் வந்துவிடுகிறது. தங்கையை வெளியே அனுப்பிவிட்டுச் சீரில் மட்டும் குறை வைக்காத அண்ணன்களை நாமும் பார்த்திருக்கிறோம்!

மூலவர் கல் அல்ல, சுதைத் (காரைப்பூச்சு) திருமேனி என்பதால் அபிஷேகம் எல்லாம் உற்சவருக்குத்தான். வேண்டுதலில் எனக்குப் பிடித்தது கரும்புத் தொட்டில். பிள்ளை வரம் பெற்றவர்கள் கரும்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, குழந்தையைப் படுக்க வைத்துப் பிராகாரம் சுற்றுவார்கள். பெரும்பாலான குழந்தைகள் அந்தக் கொட்டுச் சத்தத்திலும் தூங்குகின்றன.

சித்திரை முதல் செவ்வாய் தேர். கூட்டம் ஆகாதவர்கள் அன்றைக்குப் போக வேண்டாம், ஞாயிறும் வேண்டாம்.