பிஆர்ஜி1 கேள்வியில் மதிப்பெண் எங்கே நழுவுகிறது?

தேர்வில் மரபணு ஒழுங்குபடுத்தல் பகுதியில் பிஆர்ஜி1 (BRG1) என்ற புரதத்தைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலான விடைகள் "இது குரோமாட்டினைத் திறக்கிறது" என்றுதான் தொடங்கும் (குரோமாட்டின் என்பது ஹிஸ்டோன் புரதங்களில் சுற்றிய டிஎன்ஏ). தப்பில்லை, ஆனால் அந்த வரிக்கு மதிப்பெண்ணும் கிடையாது. எதை, எங்கே பிடித்து, எந்த ஆற்றலால் நகர்த்துகிறது என்பதைத்தான் திருத்துபவர் தேடுவார்.

பெயர்க் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். மரபணு ஸ்மார்க்-ஏ4, இருப்பது 19ஆம் குரோமோசோமில். அதன் புரதம்தான் பிஆர்ஜி1. நெருங்கிய உறவான ஸ்மார்க்-ஏ2 (பிஆர்எம் என்பதும் இதுவே) 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இவை வேலை செய்வது பிஏஎஃப் என்ற, பல புரதங்கள் சேர்ந்த கூட்டமைப்பில். ஒரு கூட்டமைப்பில் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம். புற்றுநோய் பற்றிய கடைசிக் கேள்வி பெரும்பாலும் இதில்தான் மாட்டும்.

விடையைப் படத்தோடு தொடங்குவது நல்லது. எட்டு ஹிஸ்டோன்கள், அவற்றைச் சுற்றி ஏறத்தாழ 1.65 சுற்றாக 147 கார இணை டிஎன்ஏ; இதுதான் நியூக்ளியோசோம். நடுப்புள்ளியைக் குறியுங்கள். அங்கிருந்து இரண்டு திருகு, அதாவது சுமார் 20 இணை தள்ளி, பிஆர்ஜி1இன் ஏடிபியேஸ் பகுதியை (செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை உடைக்கும் பகுதி) வரையுங்கள். பலர் அதை டிஎன்ஏ உள்ளே நுழையும் ஓரத்தில் போட்டுவிடுவார்கள். இன்னொரு பிழை, இழைகளைக் கவட்டை போலப் பிரித்துக் காட்டுவது. டிஎன்ஏ இழைகளைப் பிரிக்கும் ஹெலிகேஸ் நொதிகளின் குடும்பச் சாயல் இருந்தாலும் இது இழைகளைப் பிரிப்பதில்லை. ஒரு ஏடிபிக்கு ஏறத்தாழ ஓர் இணை வீதம் டிஎன்ஏவை இழுக்கிறது. அதனால் நியூக்ளியோசோம் நகரும், சில இடங்களில் வெளியே தள்ளப்படும்.

1647 அமினோ அமிலங்களில் ஒவ்வொரு பகுதியின் எல்லை எண்களையும் மனப்பாடம் செய்வது வீண் வேலை. இரண்டு பகுதிகளைப் பிரித்தறிந்தால் போதும். நடுவில் உள்ள ஏடிபியேஸ்தான் எந்திரம். வால் முனையில் உள்ள புரோமோடொமைன், ஹிஸ்டோனில் அசிடைல் என்ற வேதிக்குறி ஏறிய லைசினைப் பிடிக்கும் கைப்பிடி மட்டுமே. "ஏடிபி தேவை என்பதற்குச் சான்று?" என்று கேட்டால் 785ஆம் இடத்து லைசினை எழுதுங்கள். அதை ஆர்ஜினினாக மாற்றினால் புரதம் கூட்டமைப்பில் சேரும், வேலை மட்டும் நடக்காது. அசிடைல் குறியைப் படிப்பது வேறு, இடுவது வேறு. பிஆர்ஜி1 எந்தக் குறியையும் இடுவதில்லை.

இந்தப் புரதம் குறிப்பிட்ட டிஎன்ஏ வரிசையைத் தேடிப் போவதில்லை. குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி போன்ற படியெடுப்புக் காரணிகள் (மரபணுவின் படியெடுப்பைக் கட்டுப்படுத்தும் புரதங்கள்) அதை அழைத்து வருகின்றன. திறந்தால் மரபணு இயங்கும் என்றும் முடிவுகட்ட வேண்டாம். வளரும் டி-செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களில் பிஏஎஃப் சிடி8 மரபணுவை இயக்க உதவுகிறது, அதே பிஏஎஃப்தான் சிடி4 மரபணுவை அடக்கவும் தேவைப்படுகிறது. இந்த ஓர் உதாரணம் பாதிப் பக்க விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

தரவுக் கேள்வியில் பொறி காலத்தில் இருக்கும். மரபணுவை நீக்கி மூன்று நாள் கழித்து ஆர்என்ஏ அளந்திருந்தால், குறைந்த மரபணுக்கள் அனைத்தையும் நேரடி இலக்கு என்று எழுதாதீர்கள். அதற்குள் மற்றக் காரணிகளின் அளவே மாறியிருக்கும். ஏடிபியேஸ் தடுப்பானோ, புரதத்தைச் சிதைக்கும் மருந்தோ கொடுத்து, சில மணி நேரத்தில் குரோமாட்டின் திறப்பு குறைகிறதா, அதே இடத்தில் பிஆர்ஜி1 அமர்ந்திருக்கிறதா என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி அந்தக் கடைசிக் கேள்வி. ஸ்மார்க்-ஏ4 மட்டும் இழந்த நுரையீரல் புற்றுசெல்கள் ஸ்மார்க்-ஏ2ஐ நம்பி வாழ்கின்றன. ஆகவே அதைத் தடுப்பது பொருத்தமான உத்தி. இதையே இரத்தத்தில் கால்சியம் உயரும் சிறுசெல் சூலகப் புற்றுக்கும் எழுதினால் விடை தவறு. அங்கே ஸ்மார்க்-ஏ4 திரிபால் போய்விட்டது, ஸ்மார்க்-ஏ2வும் வெளிப்படுவதில்லை. தடுப்பதற்கு இலக்கே கிடையாது.