எவோ கைமாறிய மார்ச்

மார்ச் 2, 2025, ஞாயிறு

ஒருவழியாக விளம்பரம் போட்டாயிற்று. என் எவோ, அதாவது மிட்சுபிஷி லான்சர் எவொலூஷன் 10 கார், ஐந்து கியர் மேனுவல், 2010 மே பதிவு. கேட்கும் விலை 78,000 சிங்கப்பூர் வெள்ளி.

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. இந்தக் காரின் ரெக்காரோ இருக்கை பந்தயக் கார் இருக்கை மாதிரி, ஓரம் மேடாக இருக்கும். நேற்று தேக்காவில் அதைத் தாண்டி இறங்க, கதவைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை எம்பினார். ஒரு வார்த்தை முணுமுணுத்திருந்தால் நானும் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

பதினோரு அழைப்பு. எல்லாருக்கும் ஒரே கேள்வி: "டிப்ரே எவ்வளவு?"

டிப்ரே என்றால் வருடத் தேய்மானம்: விலையை, சிஓஇயில் (கார் வைத்திருக்க அரசு தரும் பத்தாண்டு உரிமைச் சான்றிதழ்) மிச்சமிருக்கும் வருடங்களால் வகுத்தால் வருவது. பத்து வயது தாண்டிய காருக்கு பார்ஃப் தொகை (காரைக் கழிக்கும்போது அரசு திருப்பித் தருவது) கிடையாது என்பதால் கணக்கு சுலபம். ஐந்து வருடம் இரண்டு மாதத்துக்கு, வருடம் சுமார் 15,000. 2020இல் பத்தாண்டுக்குப் புதுப்பித்தபோது நான் கட்டியது முப்பதாயிரத்துச் சொச்சம். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு சிஓஇ 150,001 வெள்ளிக்கு ஏறியது, இன்றும் லட்சத்துக்கு மேல்தான் நிற்கிறது. வாங்க வருகிறவர் விலை கொடுப்பது பாதிக்கு மேல் அந்தக் காகிதத்துக்கு. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றிய ரசீதுகள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஒரு வியாபாரி 58,000 என்றார். போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

காக்கி புக்கிட் பட்டறை. இந்தக் காரை ஒன்பது வருடமாகப் பார்க்கும் அங்கிள் லிஃப்டில் ஏற்றினார்.

எவோ 10இல் எஞ்சினைவிட எனக்குப் பயம், வளைவில் பின்சக்கரங்களுக்கு விசையைப் பகிர்ந்து தரும் ஏ.ஒய்.சி. அமைப்பின் பம்பின் மேல்தான். வலது பின்சக்கரத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். மழைத் தண்ணீரும் சேறும் அங்கே போய்த் தங்கி, உறையை அரித்துவிடும். அரித்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும், பிறகு ஆயிரக்கணக்கில் செலவு. அதனால் வருடம் ஒருமுறை மூடியைக் கழற்றிக் கழுவச் சொல்வேன். அங்கிள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பழைய பல்துலக்கியால் தேய்த்தார். ஒரே ஒரு போல்ட்டைச் சுற்றி வெள்ளையாக மாவு பூத்திருந்தது. நகத்தால் சுரண்டி, என்னிடம் நீட்டிக் காட்டினார். "ஓகே லா." ஐந்து நிமிடம் கழித்து, "விற்காதே" என்றார்.

மார்ச் 15, சனி

பள்ளி விடுமுறை ஆரம்பம், பாலத்தில் நெரிசல். மலேசியாவின் ஜொகூருக்குப் போகாதது நல்லதாயிற்று. எல்லை தாண்ட முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதிக்காக இந்தக் கார் குடித்த 98 ஆக்டேன் பெட்ரோலை நினைத்தால் வயிறு எரியும்.

மாலையில் ஒரு பையன் வந்தான். எஞ்சின் சூடாவதற்குள் 5,000 ஆர்பிஎம் வரை முறுக்கினான். சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

யீஷூனிலிருந்து ஒரு தம்பி. கார்பார்க் தரையில் அட்டையை விரித்துப் படுத்துப் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "வண்டியை நிறுத்துறதுக்கு முன்னாடி டர்போவை எப்படி ஆற வைக்கிறீங்க அண்ணே?" என்றார்.

பதினாலு நாளில் முதல் நல்ல கேள்வி! அடித்து ஓட்டிவிட்டு உடனே அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நிற்கும், டர்போ தாங்கியில் தங்கிய எண்ணெய் கருகும். நின்றபடி எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம். ஆகவே விரைவுச்சாலையை விட்டு இறங்கியதும் கடைசி இரண்டு கிலோமீட்டர் 2,000 ஆர்பிஎம்முக்குள்தான் ஓட்டுவேன் என்றேன். ரசீதுக் கோப்பைக் கொடுத்தேன். பானட் மேல் வைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"மாத்திப் போட்ட எக்ஸாஸ்ட்டுக்கு அனுமதிக் காகிதம் இருக்கா?"

இருக்கிறது. காரோடு வந்த கம்பெனி எக்ஸாஸ்ட்டும் இருக்கிறது, வீட்டு பாம் ஷெல்டர் என்ற பதுங்கறையில், தீபாவளி விளக்குப் பெட்டிகளுக்கு அடியில். தூக்கி வந்தபோது என்னைவிட மனைவிக்குத்தான் சந்தோஷம்.

74,000க்கு முடிந்தது. சாலைவரியைக் கேட்டுத்தான் கொஞ்சம் முகம் சுளித்தார். பதினாலு வயதைத் தாண்டியதால் 50 விழுக்காடு கூடுதல், வருடத்துக்கு 1,800க்கு மேல்.

மார்ச் 20, வியாழன்

காரில் செய்த மாற்றங்களைச் சொன்னதும் இரண்டு காப்புறுதி நிறுவனங்கள் தம்பிக்குக் கையை விரித்துவிட்டன. மூன்றாவது ஒத்துக்கொண்டது, கட்டணம் கூடுதலாம். "பரவாயில்ல அண்ணே" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். அதில் பரவாயில்லை என்ற தொனி இல்லை.

மார்ச் 22, சனி

பணம் வந்தது. அரசின் மின்னடையாளமான சிங்பாஸில் நான் ஒருமுறை உறுதிசெய்தேன், அவர் ஒருமுறை. பெயர் மாறிவிட்டது. கோப்பி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்தது.

அம்மா கீழே வரவில்லை, சன்னலிலிருந்து கையசைத்தார். நான் கார்பார்க்கின் நான்காவது மாடியில், காலியான இடத்தில் நின்றேன். சரிவு சரிவாக எக்ஸாஸ்ட் சத்தம் கீழே இறங்கியது. மூன்றாவது மாடி, இரண்டாவது, தடுப்புக் கம்பம். எங்கும் 2,000ஐத் தாண்டவில்லை. எஞ்சின் இன்னும் சூடாகவில்லையே.