ஐந்து டன் மரத்தூளும் ஒரு நிலவறையும்

“அதென்ன கண்ணு, மாட்டுத் தீவனத்தையா அடுப்புல போடற?” என்று வீடியோ காலில் அப்பா கேட்டார். கேமராவை நிலவறைப் பக்கம் திருப்பி ஒரு கை அள்ளிக் காட்டியிருந்தேன். அவர் கேட்டதில் தப்பே இல்லை, புண்ணாக்குக் கடையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும் குச்சித் தீவனம் மாதிரியேதான் இருக்கும், நிறம் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. “தீவனம் இல்லீங்கப்பா, மரத்தூளுங்க. அழுத்திக் குச்சியாக்கி விக்கறாங்க” என்றதும் அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. “அட, நம்ம தூள் அடுப்பு!”

உடுமலைப்பேட்டையில் எங்கள் வீட்டுப் புறக்கடையில் தகரத்தில் செய்த மரத்தூள் அடுப்பு ஒன்று இருந்தது. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைப் போட்டு இடித்து இறுக்கி, பாட்டிலை அலுங்காமல் உருவி எடுக்க வேண்டும். அந்த ஓட்டை வழியாகத்தான் தீ ஏறும். இறுக்கிப் போட்டால் வீட்டுக்கே வெந்நீர் காயும், லேசாகப் போட்டால் புகைந்து கண்ணைக் கரிக்கும். ஐப்பசி மழைக்கு முன்னாடியே அறுவை மில்லிலிருந்து நாலைந்து சாக்குத் தூள் வாங்கி அட்டாலியில் ஏற்றிவிடுவார் அப்பா. ஈரமான தூளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை என்பது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டுதான் நான் ஏமாந்தேன் என்பது வேறு கதை, சொல்கிறேன்.

இப்போது நாங்கள் இருப்பது தெற்கு ஜெர்மனியில், ஸ்வேபியன் ஆல்ப் மேட்டில் ஒரு கிராமம். அக்டோபரில் ஹீட்டர் ஓட ஆரம்பித்தால் ஏப்ரல் வரை நிற்காது, சில வருஷம் மே மாதமும் சேரும். 2021 இலையுதிர் காலத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம், அதோடு சேர்ந்து வந்ததுதான் இந்தப் பெல்லட் பாய்லரும் நிலவறையில் அதற்கென்று ஒதுக்கிய சின்ன அறையும். பெல்லட் என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மரம் அறுக்கும் ஆலையில் மிஞ்சுகிற தூளையும் சீவலையும் காயவைத்து, இரும்பு அச்சில் பலமான அழுத்தத்தில் தள்ளுகிறார்கள். அந்தச் சூட்டில் மரத்தில் இயல்பாகவே இருக்கும் லிக்னின் இளகி, ஆறும்போது பசை மாதிரி பிடித்துக்கொள்கிறது. 6 மில்லிமீட்டர் கனம், ஈரம் 10 சதவீதத்துக்குள். இரண்டு கிலோ பெல்லட் எரித்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஹீட்டிங் ஆயில் எரித்த சூடு கிடைக்கும். முந்தைய வீட்டுக்காரர் வருஷத்துக்கு 5 டன் என்று சொல்லியிருந்தார், எங்களுக்கும் அந்தக் கணக்குதான் வருகிறது.

முதல் குளிர்காலம் அவர் விட்டுப்போனதிலேயே ஓடிவிட்டது. அந்த நிம்மதிதான் கெடுத்தது. 2021 கோடையில் டன் 220 யூரோ வாக்கில் விற்ற சாமான், 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு மாதத்துக்கு மாதம் ஏறியது. கேஸ் வருமோ வராதோ என்ற பயத்தில் ஊரே விறகும் பெல்லட்டும் வாங்கிக் குவித்தது, ரஷ்ய மரமும் தடையில் நின்றுபோனது. ஜூனில் விலையைப் பார்த்து, இது அநியாயம், இறங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். செப்டம்பரில் 700-ஐத் தாண்டியது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு “நீங்கள் இன்னும் வாங்கவில்லையா?” என்று கேட்ட தோரணையிலேயே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கடைசியில் 740 கொடுத்து 3 டன் பதிவு செய்தேன், அதுவும் நவம்பரில்தான் லாரி வரும் என்றார்கள். 5 டன் வாங்க மனசு வரவில்லை.

அதுவரை தாக்குப்பிடிக்க ஒரு கட்டுமானப் பொருள் கடையில் மூட்டையாக வாங்கினேன். 15 கிலோ பிளாஸ்டிக் பை, 65 பையை ஒரு மரத்தட்டில் அடுக்கினால் அதற்குப் பேலட் என்று பேர், கிட்டத்தட்ட ஒரு டன். வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நிலவறைப் படியில் 65 முறை ஏறி இறங்க முதுகு இல்லை, கார் நிறுத்தும் கொட்டகை ஓரம் இருந்தபடியே இருக்கட்டும் என்று மேலே தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டி, பத்திரம் என்று நினைத்துக்கொண்டேன். தேவைக்கு நாலு பை, ஐந்து பையாக எடுத்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். லாரி வந்துபோன பிறகு மிச்ச மூட்டையை மறந்தே போனேன்.

பிப்ரவரியில் அடி வரிசைக்கு வந்தபோது பையைத் தூக்கினால் தூக்க முடியவில்லை. குச்சி குச்சியாகக் கையில் நெருடுவதற்குப் பதில் தலையணை மாதிரி மெத்தென்று இருந்தது. கத்தியால் கீறினேன். உள்ளே ஒரு குச்சிகூட இல்லை. தண்ணீர் தெளித்துப் பிசிறிய புட்டு மாவு மாதிரி பழுப்பாக, உப்பி, ஊசிப்போன மர வாசனையோடு பொலபொலவென்று கொட்டியது. விஷயம் என்னவென்றால் அந்தப் பைகளில் அடைத்து ஒட்டும்போது காற்று வெளியேற ஊசி ஓட்டை போட்டிருக்கிறார்கள். தார்ப்பாயை நான்தான் தரைவரை இழுத்துக் கட்டியிருந்தேன், தரையிலிருந்து ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே வியர்த்து, சொட்டி, ஓட்டை வழியாக இறங்கியிருக்கிறது. மேலே மழை படாமல் காத்தேன், கீழே ஆவி பிடித்தேன். ஒன்பது பை, 135 கிலோ, டன் 700 கணக்கில் கிட்டத்தட்ட 95 யூரோ உரக்குழிக்குப் போயிற்று. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

மூட்டையில் வாங்குகிறவர்கள் பேலட்டை அப்படியே கூரைக்குள், காய்ந்த தரையில் வையுங்கள். வெளியில்தான் வைக்க வேண்டும் என்றால் அடியில் செங்கல் கொடுத்து உயர்த்தி, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றுப் போக விடுங்கள்.

அந்தக் குளிர்காலத்தில் இன்னொரு தலைவலியும் இருந்தது. நவம்பரில் வந்த சரக்கு பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஜனவரியிலிருந்து பாய்லர் அடிக்கடி பீப் அடித்து நின்றுபோகும். காலையில் எழுந்தால் வீடு 14 டிகிரி. சரக்கு மட்டம் என்று விற்றவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு அறையில் இருந்தது.

இந்த அறை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். 3 மீட்டருக்கு 2 மீட்டர், உயரம் 2.2. இரண்டு பக்கமும் பலகையைச் சரிவாகப் போட்டு, நடுவில் பள்ளமான வாய்க்கால், அதில் நீளமான இரும்புத் திருகு. அதற்கு இங்கே ‘ஷ்னெக்கே’ என்று பேர், நத்தை என்று அர்த்தம், அது ஊர்ந்து ஊர்ந்து பெல்லட்டைப் பாய்லருக்குத் தள்ளும். சரிவு போக அறையில் மூன்றில் இரண்டு பங்குதான் சரக்கு நிற்கும், கன மீட்டருக்கு 650 கிலோ என்று போட்டால் எங்கள் அறைக்கு 5.7 டன். கதவைத் திறந்தால் எல்லாம் மேலே சரிந்து விழாமலிருக்க, உட்புறம் பழைய மளிகைக்கடைகளில் எண் போட்ட பலகைகளைச் செருகி மூடுவார்களே, அதே மாதிரி குறுக்குப் பலகைகள். சுவரில் இரண்டு குழாய் வாய். ஒன்றில் லாரிக்காரர் பெல்லட்டைக் காற்றோடு ஊதுவார், இன்னொன்றில் அந்தக் காற்றையும் தூசியையும் உறிஞ்சி எடுப்பார். ஊதும் வாய்க்கு நேர் எதிரே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கனமான ரப்பர் பாய் தொங்க வேண்டும். குச்சிகள் பறந்து வந்து அதில் மோதி விழும்.

அறை காலியானதும் டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தப் பாய் ஒரு கொக்கியிலிருந்து கழன்று ஓரமாக முறுக்கிக்கொண்டு தொங்குகிறது. 3 டன்னும் நேராகச் சுவரில் அடித்திருக்கிறது. காரை பெயர்ந்து, குச்சிகள் நொறுங்கி, நத்தைக்கு மேலே முழங்கால் உயரம் மாவு. நல்ல சரக்கை வாங்கி நானே என் செலவில் மறுபடி மரத்தூளாக்கி வைத்திருக்கிறேன்! மே மாதம் ஒரு சனிக்கிழமை முழுக்க முகமூடி போட்டுக்கொண்டு அள்ளினேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது அறையைக் காலிசெய்து கூட்ட வேண்டும் என்பது முந்தைய வீட்டுக்காரர் விட்டுப்போன கோப்பிலேயே இருந்ததைப் பிற்பாடுதான் பார்த்தேன்.

அள்ளப் போகும்முன் ஒன்று. பெல்லட் சும்மா கிடக்கும்போதே கார்பன் மோனாக்சைடு விடும், மரத்திலுள்ள கொழுப்பு அமிலங்கள் காற்றோடு சேர்ந்து மாறுவதால். வாசனை கிடையாது, புகை கிடையாது. புதுச் சரக்கு வந்த முதல் சில வாரங்கள்தான் அதிகம். 2010-இல் ஜெர்மனியிலும் 2011-இல் ஸ்விட்சர்லாந்திலும் பெல்லட் கிடங்குக்குள் போனவர்கள் செத்தே போயிருக்கிறார்கள். அவை பல வீடுகளுக்குச் சேர்த்து வைத்த பெரிய கிடங்குகள், ஆனால் சின்ன அறை என்பதற்காக அலட்சியம் வேண்டாம். கதவைத் திறந்துபோட்டு, கால் மணி நேரமாவது காற்றாட விட்டு, வெளியே ஒரு ஆளை நிறுத்திவிட்டுத்தான் நான் இறங்குவது. குழாய் வாய் மூடிகளில் காற்றோட்ட ஓட்டை இருப்பதும் இதற்காகத்தான், தூசி வருகிறது என்று துணி அடைத்துவிடாதீர்கள். அறைக்குள் பல்பு, பிளக் எதுவும் கூடாது, மரத்தூசியில் பொறி விழுந்தால் வெடிக்கும். எங்கள் பையன்களுக்கு அந்தக் கதவுப் பக்கமே போகக் கூடாது என்று சட்டம்.

அடுத்த முறை உருப்படியாக வாங்கினேன். 2023 வசந்தத்திலேயே விலை உச்சத்திலிருந்து பாதிவாக்கில் இறங்கிவிட்டது. வழக்கமான வருஷங்களிலும் ஹீட்டர் நிற்கும் ஏப்ரலிலிருந்து ஜூன், ஜூலை வரைதான் மலிவு, குளிர் வாசலுக்கு வந்த பிறகு கேட்டால் குளிருக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார்கள். பெரியவர்தான் கூட்டாக வாங்கலாம் என்றார். தெருவில் மூன்று வீடு சேர்ந்தால் ஒரே லாரி, ஒரே பயணம், டன்னுக்கு விலை குறையும். விலை கேட்கும்போது வரி சேர்த்தா என்று கேளுங்கள் (மரத்துக்கு இங்கே 7 சதவீதம்தான்), அப்புறம் ஊதுகூலி என்று தனியாக ஒரு தொகை கடைசியில் முளைக்கும், அதையும் கேளுங்கள். என்பிளஸ் ஏ1 என்கிற தர முத்திரையும் அதற்குக் கீழே நாட்டுக் குறியீட்டோடு பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள், எண் இல்லாத முத்திரை வெறும் படம். நான் வீட்டில் செய்வது இன்னும் எளிது. ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு குச்சி போடுவேன். நன்றாக அழுத்தியது உடனே முங்கும், பிறகுதான் ஊறி உப்பும். மிதந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

ஜூனில் லாரி வந்தது. ஓட்டுநர் கேட்ட முதல் கேள்வி, பாய்லரை அணைத்துவிட்டீர்களா? அணைத்துவிட்டேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு அவரே நிலவறைக்கு இறங்கி, பாய்லர் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடு. நான் போனில் அணைத்தது அறைகளின் ஹீட்டரை, குளிக்கிற தண்ணீருக்காக அது பாட்டுக்கு உள்ளே எரிந்துகொண்டிருக்கிறது. அறையிலிருந்து காற்றை உறிஞ்சும்போது பாய்லர் ஓடினால் தீயும் புகையும் சரக்குப் பக்கம் இழுபடலாம். அவர் திட்டவில்லை. பெரியவர் வீட்டுக்கு முதலில் ஊதிவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார், திரும்பி வந்து மறுபடியும் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குழாயை மாட்டினார். 30 மீட்டருக்கு மேல் குழாய் இழுத்தால் குச்சி உடையும் என்பதால் லாரியைப் பின்னாலேயே எடுத்து வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தினார். ஊத ஆரம்பித்ததும் தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை பெய்கிற சத்தம். அரை மணி நேரத்தில் 5 டன் உள்ளே. ரசீதில் எடையும் குழாய் நீளமும் குறித்துக் கொடுத்தார்.

அறை இல்லாதவர்களுக்கு துணிப்பை சைலோ இருக்கிறது, தோட்டத்தில் புதைக்கிற தொட்டியும் இருக்கிறது, எனக்கு அனுபவம் இல்லாததால் விட்டுவிடுகிறேன். சாம்பல் பற்றி அப்பா கேட்டார், பாத்திரம் தேய்க்கலாமே என்று. வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் இரண்டு வாளிதான் வரும், ஆறியதும் குப்பைத்தொட்டிக்குப் போகிறது.

கதவுப் பலகையில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. அதன் ஓரமாகச் சாக்பீஸில் கோடு போட்டு வைத்திருக்கிறேன், தீபாவளிக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, தைப்பொங்கலுக்கு ஒன்று. போன வாரம் பொங்கல் பானையை இறக்கிவிட்டுக் கீழே போய்ப் பார்த்தேன். போன வருஷக் கோட்டுக்கு மேலே நாலு விரற்கடை நிற்கிறது. மனைவியிடம் சொன்னால், அப்படியானால் குளியலறையில் ஒரு டிகிரி ஏற்றுங்கள் என்கிறாள்.