டட்சன் 120ஒய் சிக்னல் லென்ஸ்: குமிழி இல்லாமல் வார்த்தாயிற்று

பழைய டட்சன் 120ஒய் காரின் இடது பக்க முன் சிக்னல் லென்ஸ் கண்ணாடி மாதிரி வந்துவிட்டது. பல்பை எரியவிட்டுப் பார்த்தால் உள்பக்க வரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. நடுவில் மங்கல் இல்லை, ஓரத்தில் பஞ்சு மாதிரி வெள்ளைப் படலம் இல்லை. வலது பக்க லென்ஸ் இன்னும் அச்சுக்குள் இருக்கிறது. அது வருவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். கோலாலம்பூர் ஈரத்தில் தெளிவான ரெசின் (கலந்து ஊற்றினால் இறுகும் திரவப் பிளாஸ்டிக்) வார்க்கிற எல்லாரையும் படுத்துகிற விஷயம் இது.

120ஒய்-க்கு ஏ12 இன்ஜின் சாமான்கள் இன்றும் தேடினால் கிடைக்கும். பிளாஸ்டிக்தான் கிடைப்பதில்லை. பழைய கார்களைப் பிரித்துச் சாமான் விற்கும் பொத்தோங் கடையில் லென்ஸ் அகப்பட்டாலும் ஸ்குரூ ஓட்டையைச் சுற்றி வெடித்திருக்கும், இல்லாவிட்டால் வெயிலில் சாயம் வெளுத்திருக்கும். பினாங்கு லோரோங் கூலிட் பக்கம் போகிறவர்கள் பழைய சாமான் விரிப்புகளில் ஒரு கண் வைத்திருங்கள். உடைந்த லென்ஸாக இருந்தாலும் வாங்கிவிடலாம். வரிகள் முழுதாக இருந்தால் அச்செடுக்கும் மாதிரிக்குப் போதும்.

மாதிரியைத் தயார் செய்வதில் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: பழைய அக்ரிலிக்கைத் தின்னராலோ ஆல்கஹாலாலோ துடைக்காதீர்கள். மயிரிழை விரிசல்கள் பரவிவிடும், சிலிக்கோன் அத்தனையையும் அப்படியே பிரதி எடுத்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும். பிறகு 1000, 1500, 2000 எண் நீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), கடைசியில் பிளாஸ்டிக் பாலிஷ்.

அச்சுக்குப் பிளாட்டினத்தால் இறுகும் வகை சிலிக்கோன்தான். டின் (வெள்ளீயம்) வகை விலை குறைவு, ஆனால் நாளாக ஆக அதிகம் சுருங்கும். லென்ஸ் விளக்கின் விளிம்பில் உட்காராது. பிளாட்டினத்துக்குக் கந்தகம் ஆகாது. கந்தகம் கலந்த களிமண்ணோ லாடெக்ஸ் கையுறையோ பட்ட இடம் பிசுபிசுவென்று இறுகாமலே நின்றுவிடும். கந்தகமில்லாக் களிமண், நைட்ரைல் கையுறை என்று போய்விடுங்கள். பிரஷர் பாட் எனும் அழுத்தக் கலத்துக்குள் வைத்து வார்க்கப் போகிறீர்கள் என்றால் சிலிக்கோனையும் வேக்குவத்தில் காற்றெடுத்தே ஊற்ற வேண்டும். அச்சுச் சுவருக்குள் காற்றுக் குமிழி இருந்தால் அழுத்தத்தில் அது ஒடுங்கும், அந்தப் பள்ளத்தில் ரெசின் இறங்கி லென்ஸ் மேல் பரு பருவாக எழும்பும்.

இனி குமிழி. கலக்கும்போது காற்று புகுந்துவிட்டது என்றுதான் பலரும் கையையே குறை சொல்கிறார்கள். காற்றுக் குமிழி ஊற்றும்போதே கண்ணில் படும். பெரிதும் சிறிதுமாக இருக்கும், மூலைகளில் ஒதுங்கும். இங்கே லென்ஸைக் கெடுப்பது அது இல்லை. ஊற்றும்போது ரெசின் தெளிவாக இருக்கும், இறுக ஆரம்பிக்கும் நேரத்தில் ஒரே அளவான நுண்குமிழிகள் பொங்கி வரும். அது தண்ணீரின் வேலை. யூரித்தேன் ரெசின் ஏ, பி என்று இரண்டு பாகமாக வரும்; அதன் ஐசோசயனேட் பாகம் (ஏ) தண்ணீரைக் கண்டால் கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். கணக்குப் போட்டால் ஒரு கிராம் தண்ணீருக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர் வாயு. அப்படியென்றால் 0.01 கிராம், அதாவது ஒரு சொட்டில் சிறு பங்கு, 13 மில்லிலிட்டர் வாயு கொடுக்கும். ஒரு சிறிய லென்ஸைப் பாழாக்க அது தாராளம்.

குமிழி எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே ஈரம் வந்த வழி தெரிந்துவிடும். லென்ஸின் தோலில் மட்டும் மங்கல் இருந்தால் ஈரம் அச்சிலிருந்து வந்தது. உள்ளே முழுக்கப் பரவியிருந்தால் ரெசினிலோ சாயத்திலோ இருந்தது. சிலிக்கோன் தண்ணீரை உறிஞ்சாது என்று நினைக்கிறோம், ஆனால் நீராவி அதற்குள் தாராளமாகப் போய்வரும். ராத்திரி முழுக்க வெளியே கிடந்த அச்சில் காலையில் வார்த்தால் தோல் மங்கல் நிச்சயம்.

இப்போது பலன் கொடுத்த முறை இது. அச்சை 65 டிகிரியில் நாலைந்து மணி நேரம் அடுப்பில் வைத்து, 35 டிகிரி சூட்டுக்கு இறங்கியதும் வார்ப்பது. பி பாகத்தை 50 டிகிரிக்குச் சூடாக்கித் தனியாக வேக்குவத்தில் வைத்தால் காற்றும் ஈரமும் சேர்ந்தே போகும். கலப்பதற்கு முன் அறைச் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். காகிதக் கோப்பை, ஐஸ்கிரீம் குச்சி இரண்டும் வேண்டாம், இரண்டுமே ஈரத்தை வைத்திருக்கும். பாலிபுரொப்பிலீன் கோப்பையும் உலோகக் கரண்டியும் போதும். டின்னை மூடும் முன் உள்ளே உலர் வாயு அடித்து மூடுங்கள். புதுசு, பழசு எந்த டின்னாக இருந்தாலும் முதலில் பத்து கிராம் கலந்து ஒரு கோப்பையில் விட்டுப் பாருங்கள். அது பொங்கினால் அந்த டின்னால் லென்ஸ் வார்க்க முடியாது, தெளிவு தேவைப்படாத வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏர்கான் அறையில்தான் கலக்க வேண்டும், இரண்டு காரணத்துக்கு. ஒன்று, ஏர்கான் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கிறது. இன்னொன்று, 23 டிகிரியில் கலந்தபின் 20 நிமிடம் இறுகாமல் கை கொடுக்கிற ரெசின் 32 டிகிரியில் அதில் பாதி நேரம்தான் தாங்கும். ஆனால் ஏர்கானில் குளிர்ந்த டின்னை வெளியே கொண்டுபோய்த் திறக்காதீர்கள். இங்கே காற்றின் பனிநிலையே (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூடு) 24 டிகிரியை ஒட்டி நிற்கிறது. அதைவிடக் குளிர்ந்த எதுவும் வெளியே வந்த உடனே வியர்க்கும்.

பிரஷர் பாட் இருக்கிறதே என்று ஈரத்தை விட்டுவிட முடியாது. பாட் குமிழியைச் சுருக்கும், அவ்வளவுதான். 40 பிஎஸ்ஐ-யில் குமிழியின் கன அளவு ஏறக்குறைய நாலில் ஒன்றாகிறது, விட்டமோ அரை மில்லிமீட்டரிலிருந்து 0.32-க்குத்தான் இறங்குகிறது. பல்பு வெளிச்சத்தில் அது நன்றாகவே தெரியும். கம்பிரஸர் டாங்கின் அடியில் சேரும் தண்ணீர் வேறு இருக்கிறது. வடிகட்டியும் உலர்த்தியும் போடாமல் அந்தக் காற்றை அச்சின் மேல் ஏற்றினால் பட்ட பாடெல்லாம் வீண். நைட்ரஜன் சிலிண்டர் வாடகைக்கு எடுத்தால் இந்தத் தலைவலியே இல்லை. ரெகுலேட்டரைப் பாட்டின் எல்லைக்குக் கீழே வைத்து, அறைக் கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். ஆவிக்கு மாஸ்க் கட்டாயம்.

விகிதம் எடையில்தான்: இந்த ரெசினுக்கு ஏ 100 கிராம், பி 90 கிராம். மஞ்சள் சாயத்தை முதலில் பி-யில் கரைத்து ஒரு தாய்க்கலவை வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் சொட்டு எண்ண வேண்டாம், இரண்டு பக்கமும் ஒரே நிறமாக வரும். நிறத்தை லென்ஸின் முகத்தோடு ஒப்பிடாதீர்கள், அது வெயிலில் வெளுத்தது. ரப்பருக்கு அடியில் மறைந்திருந்த விளிம்புதான் அசல் நிறம். ஒப்பிடும் துண்டும் அதே தடிமனில் இருக்க வேண்டும். தடிமன் மாறினால் நிறமும் மாறும். ரெசின் ஊற்றும் வாய்க்காலை அந்த விளிம்பிலேயே தாழ்ந்த முனையில் வைத்து, காற்றுப்போக்கியை எதிர்முனையில் உயரத்தில் வைத்து, அச்சைக் கொஞ்சம் சாய்த்து நூல் மாதிரி மெல்லிய தாரையாக ஊற்றினால் வரிகளுக்குள் காற்று மாட்டாது.

வெளியே எடுத்ததும் வேலை முடியவில்லை. இந்த வகை ரெசின் சூட்டில் இளகும். 21 வாட் சிக்னல் பல்பும் மதிய வெயிலும் சேர்ந்தால் லென்ஸ் வளையலாம். தட்டையான தாங்கியில் வைத்து 65 டிகிரியில் ஆறு மணி நேரம் மறுபடி சூடேற்றினால் தாக்குப்பிடிக்கும் அளவு கூடும். வாங்கும்போதே டேட்டா ஷீட்டில் எத்தனை டிகிரியில் வளையும் என்ற எண்ணைப் பாருங்கள். கடைக்காரர் தெளிவைப் பற்றி மட்டும்தான் பேசுவார். எல்இடி பல்பு போட்டால் சூடு குறையும், ஆனால் சிக்னலை வெட்டி வெட்டி எரியவைக்கும் பழைய பிளாஷர் அந்தக் குறைந்த மின்சாரத்தில் சரியாக வெட்டாது. எலெக்ட்ரானிக் பிளாஷராக மாற்ற வேண்டும். கோலாலம்பூர் ஜாலான் பாசார் பக்கம் விசாரிக்கலாம்.

ஸ்குரூ ஓட்டைக்கு அச்சிலேயே எஃகு ஊசி வைத்து வார்த்தேன். துளையிட்ட ஓட்டையின் ஓரம் சிலும்பும், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். ஊசி ஸ்குரூவைவிட அரை மில்லிமீட்டர் தடிமனாக இருக்கட்டும், முடுக்கும்போது லென்ஸ் நகர இடம் வேண்டும்.

அடியில் வைக்கும் ரப்பர் இன்னும் வெட்டவில்லை, 3 மில்லிமீட்டர் இபிடிஎம் ஷீட் வாங்கி வைத்திருக்கிறேன். அதற்குள் மனம் பின் விளக்கின் சிவப்பு லென்ஸுக்குப் போய்விட்டது. அது அகலமானது, ரெசின் அதிகம் பிடிக்கும், கூடுதல் ரெசின் என்றால் இறுகும்போது கூடுதல் சூடு. மெதுவாக இறுகும் வகைக்கு மாற வேண்டியிருக்கும், அதற்கு இப்போதிருக்கும் பாட்டின் வாயும் போதாது. பெரிய பெயிண்ட் பாட் ஒன்று விற்பனைக்கு இருந்தால் சொல்லுங்கள், மூடியின் கேஸ்கெட் முழுதாக இருக்க வேண்டும்.