சாவியை எப்போது கையில் கொடுக்கலாம்?

"எத்தனை வயதில் பிள்ளையை வீட்டில் தனியாக விடலாம்?" இந்தக் கேள்விக்கு ஓர் எண் கிடைத்துவிட்டால் பெற்றோருக்கு நிம்மதிதான். ஆனால் சட்டங்களே இதில் ஒத்துப்போகவில்லை. நியூசிலாந்தில் 14 வயது நிரம்பாத பிள்ளையை, பார்த்துக்கொள்ளத் தகுந்த ஏற்பாடு செய்யாமல் விட்டுச் சென்றால் குற்றம். இங்கிலாந்தில் சட்டம் வயதையே சொல்வதில்லை. பிள்ளைக்கு ஆபத்து நேரும்படி விட்டுச் சென்றால்தான் குற்றம். இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள்! நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தை முதலில் பார்த்துவிடுங்கள், அதில் வேறு வழியில்லை. அதற்கு மேல் பார்க்க வேண்டியது உங்கள் பிள்ளையைத்தான்.

அதையும் ஒவ்வொரு வேலையாகப் பார்க்க வேண்டும். சாலையைக் கடப்பதில் கெட்டிக்காரியாக இருப்பவள் அடுப்படியில் பராக்குப் பார்க்கலாம். துணிகளை அழகாக மடித்து வைக்கும் பையன் கதவைப் பூட்ட மறந்து போகலாம். எந்த வேலையானாலும் "செய்யத் தெரிகிறதா?" என்று பார்த்ததோடு நிறுத்திவிடுகிறோம். அது பாதிதான். வேலை கோணலாகப் போகும்போது பிள்ளை என்ன செய்கிறது என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது.

"ஜாக்கிரதையா இருப்பியா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் தலையாட்டும். கேள்வியை மாற்றுங்கள்: "சட்டியில இருக்கிற எண்ணெய் தீப்பிடிச்சிருச்சு. இப்ப என்ன பண்ணுவ?" பதில் வாயிலிருந்து வந்தால் போதாது. அணைந்திருக்கும் அடுப்பின் முன் நிறுத்திச் செய்து காட்டச் சொல்லுங்கள். கை எந்தத் திருகைத் தேடிப் போகிறது, அதை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று கவனியுங்கள். தண்ணீர்க் குழாயின் பக்கம் போனால் விஷயம் முடிந்தது. எரியும் எண்ணெயில் தண்ணீர் பட்டதும் அது சட்டென்று ஆவியாகி, எண்ணெயைத் தீயோடு சேர்த்து வெளியே வீசியடிக்கும். கைக்கு எட்டினால் அடுப்பை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே வெளியே வந்து பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். தீயை அணைப்பது பிள்ளையின் வேலை அல்ல. எரிவாயு வாடை வந்தாலும் அப்படித்தான்: எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, வெளியே போன பிறகுதான் போன்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். கடைசியாகக் கண்ணாடி டம்ளர் உடைந்தபோது பிள்ளை உங்களிடம் வந்து சொன்னதா, துண்டுகளைப் பொறுக்கி ஒளித்து வைத்ததா? ஒளிக்கிற பிள்ளையைத் தனியாக விடுவது சரியல்ல, எவ்வளவு திறமை இருந்தாலும். கை சுட்டுக்கொண்டதையும் அது மறைக்கும், சாவி தொலைந்ததையும் மறைக்கும். பெரும்பாலும் இதில் தப்பு நம் பக்கம்தான். உடைந்ததும் நம் குரல் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த முறை உண்மை வெளியே வரும்.

இனி வீட்டு வேலையில் உதவுவது. ஒன்றரை வயதுக் குழந்தை கேட்காமலேயே உதவிக்கு வரும். துடைப்பத்தை இழுக்கும், கொடியில் போட வைத்திருக்கும் ஈரத்துணியை எடுத்து நீட்டும். நமக்கு வேலை இரட்டிப்பாவதால் விரட்டிவிடுகிறோம். எட்டு வயதில் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறது. ஒன்றரை, இரண்டு வயதில் பரிசு கொடுத்துப் பழக்குவதும் பலன் தருவதில்லை. 2008-இல் வார்னெக்கன், டொமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 20 மாதக் குழந்தைகளைக் கவனித்தார்கள். உதவி செய்ததற்குப் பொருள் பரிசு பெற்ற குழந்தைகள், அதற்குப் பிறகு மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். வளர்ந்த பிள்ளைக்குக் கைச்செலவுக்குப் பணம் தரலாம், பணத்தைக் கையாளப் பழக அது வேண்டும்தான். ஆனால் தன் தட்டைத் தானே கழுவியதற்குக் கூலி தர ஆரம்பித்தால், "இன்னிக்குக் காசு வேண்டாம், நான் கழுவல" என்ற பதிலுக்கும் தயாராக இருங்கள்.

சொல்லிக் கொடுக்கும் விதத்தில்தான் நிறைய வேலைகள் கெட்டுப்போகின்றன. "அறையைச் சுத்தம் பண்ணு" என்பது ஒரு வேலை போலத் தெரியும், உண்மையில் அது ஐந்தாறு வேலை. அழுக்குத் துணி கூடையில், புத்தகம் அலமாரியில், தரையில் எதுவும் இல்லை, போர்வை மடித்தாயிற்று, குப்பை வெளியே போயிற்று. முடிந்த வேலை எப்படி இருக்கும் என்று ஒரு தடவை நீங்களே செய்து, போட்டோ எடுத்து அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள். வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

நீளமான வேலைகளைக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் பழக்குவது நல்ல உத்தி. துணி துவைக்கும் மெஷினை எடுத்துக்கொள்வோம். முதல் வாரம் முழுக்க நீங்கள் செய்யுங்கள், துவைத்த துணியை உதறிக் கொடியில் போடுவது மட்டும் பிள்ளையின் வேலை. அடுத்த வாரம் மெஷின் நின்றதும் துணியை வெளியே எடுப்பதும் சேரும். பிறகு பொத்தானை அழுத்துவது, பிறகு சோப்புத்தூளை அளப்பது. பைகளைத் துழாவி, சாயம் போகும் துணியைத் தனியே பிரிப்பது கடைசியில். ஏனென்றால் அதில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. இப்படிப் பழகினால் வேலை முடிந்த திருப்தி முதல் நாளே பிள்ளைக்குக் கிடைத்துவிடும். இரண்டு தப்புகள் கட்டாயம் நடக்கும். ஒன்று, டிரம்மைத் திணித்து நிரப்புவது: முக்கால் பங்குக்கு மேல் போனால் துணி புரளாது, அழுக்கும் போகாது. இன்னொன்று, தூளை அள்ளிக் கொட்டுவது: அலசினாலும் சோப்பு முழுதாகப் போகாமல் துணி பிசுபிசுவென்று இருக்கும். அளவுக் கரண்டியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் இரண்டாவது தப்புக்கு இடமில்லை.

கத்திக்கு வருவோம். கூர் மழுங்கிய கத்தி பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும். நறுக்கும் பலகைக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்தால் பலகை நகராது. உருண்டையாக இருப்பதை முதலில் நீங்கள் பாதியாக வெட்டி, தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி கொடுங்கள். பிடிக்கும் கையின் விரல்நுனிகள் உள்ளே மடங்கி, கத்தியின் பக்கவாட்டுப் பகுதி விரல் முட்டியில் உரச வேண்டும். இதைப் பத்து நிமிடம் செய்து பார்க்கச் சொல்லிவிட்டு, நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புகிற பிள்ளையை நம்பலாம். கத்தியோடு திரும்பினால் இன்னும் நேரமிருக்கிறது.

கழிவறை கழுவும் வேலையைக் கொடுப்பதற்குமுன் ஒன்று: பிளீச்சோடு அமிலக் கிளீனர் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஆகவே பிள்ளை கையில் ஒரே ஒரு பாட்டில்தான் இருக்க வேண்டும். தானே குளிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் ஹீட்டரை 49 டிகிரி செல்சியசுக்கு மேல் வைக்காதீர்கள். 60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும்.

சாலையைப் பொறுத்தவரை, பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பலருக்கு வரும் வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்க வராது. அறிவு குறைவு என்று அர்த்தமில்லை, அந்தத் திறன் மெதுவாகத்தான் வருகிறது. ஓரத்தில் கைபிடித்து நின்றுகொண்டு, கடக்காமலேயே "இப்ப போகலாம்" என்று சொல்லச் சொல்லுங்கள். பத்து முறை சொல்லட்டும். ஒரு முறை தவறினாலும் கையை விட வேண்டாம்.

இனி சாவி. முதலில் பத்து நிமிடம், நீங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது. பிறகு அரை மணி, ஒரு மணி. இரவில் தனியாக விடுவது கடைசியில், அதுவும் சில ஆண்டுகள் கழித்து. ஒவ்வொரு கட்டத்திலும் நாலைந்து முறை ஒழுங்காக நடந்த பிறகே அடுத்தது. பெற்றோர் இருவரின் போன் எண்ணையும் மனப்பாடமாகச் சொல்லத் தெரிய வேண்டும். போனில் பதிந்து வைத்திருப்பது சார்ஜ் தீரும்வரைதான். பூட்டியிருக்கும் போனிலிருந்து அவசர எண்ணை அழைப்பது எப்படி என்று செய்து காட்டுங்கள், அழைக்காமல். வீட்டு முகவரியைச் சொல்லிப் பார்க்கச் சொன்னால் பல பிள்ளைகள் கதவு எண்ணில் தடுமாறுவார்கள். யாராவது கதவைத் தட்டினால் திறக்கவும் வேண்டாம், "அப்பா அம்மா இல்லை" என்று சொல்லவும் வேண்டாம். மின்சாரம் போனால் டார்ச் எங்கே இருக்கிறது என்று இருட்டில் ஒரு முறை எடுத்துப் பார்க்கட்டும், மெழுகுவத்தி மட்டும் கூடாது.

பூட்டு விஷயத்தில் பிள்ளைகள் திணறுவது பலம் போதாததால் அல்ல. கதவு, நிலைச்சட்டத்தின் மேல் அழுந்திக்கொண்டிருந்தால் தாழ் நகராது. இடது கையால் கதவைச் சற்று இழுத்தோ தள்ளியோ பிடித்துக்கொண்டு வலது கையால் திருப்பினால் சாவி எளிதாகச் சுழலும். வெளியிலிருந்து ஐந்து முறை, உள்ளிருந்து ஐந்து முறை. உள்ளிருந்து பூட்டிச் சாவியை அதிலேயே விட்டுவிட்டால், சில பூட்டுகளை வெளியிலிருந்து உங்களாலும் திறக்க முடியாது. அதனால் கதவுக்குப் பக்கத்தில் சாவிக்கென்று ஓர் ஆணி.

தனியாக இருக்கத் தெரிந்த பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் தயார் என்று கணக்குப் போடாதீர்கள். அது வேறு பரீட்சை. பெரியவன் சொன்னால் சின்னவன் கேட்பானா என்பதும் அதில் சேரும். நீங்கள் வீட்டில், அடுத்த அறையில், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். எத்தனை முறை கதவு தட்டப்படுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.